காலி டம்ளர்

மேனாம்பேட்டு மழலையர் பள்ளியில் கலைவாணி டீச்சராகச் சேர்ந்த அன்றே, பள்ளியை நடத்தும் மைதிலி மேடம் சட்டத்தைச் சொல்லிவிட்டாள். "புள்ளைங்க விளையாடினா மட்டும் பத்தாது. விளையாடுற போட்டோ வாட்ஸ்அப் குரூப்ல வரணும். ஒண்ணு விட்டுப்போனாலும் அம்மாக்காரி என்னைக் கேப்பா, நான் உன்னைக் கேப்பேன்."

வேலை நிரந்தரமாகவில்லை. சங்கரன்கோவிலில் இருக்கும் அம்மாவிடம் மட்டும், ஆகிவிட்டதென்று கலைவாணி முந்திக்கொண்டு சொல்லியிருந்தாள்.

மூன்றரை வயது வர்ஷா பள்ளியில் வாயே திறந்ததில்லை. அன்று தண்ணீர் விளையாட்டு. தொட்டியில் மொண்டு, டம்ளருக்கு டம்ளர் ஊற்றினாள். வழிந்தது. மறுபடியும் ஊற்றினாள். கவுன் தொப்பலாக நனைந்தது. கலைவாணி தடுக்காமல் பக்கத்தில் குந்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்பிச்சு," என்றாள் வர்ஷா.

ஆயா சரசா துடைப்பத்தைக் கீழே போட்டாள். "இன்னா டீச்சர் இது! ஊமைச்சாமி பேசிச்சே!"

"மெதுவாக்கா, பிள்ளை மிரண்டுரும்."

கண் கலங்கியதில் கலைவாணிக்குப் போன் நினைவே வரவில்லை.

மதியம் வர்ஷாவின் அம்மா குரூப்பில் கேட்டாள்: "எல்லாக் குழந்தையும் இருக்கு. என் பொண்ணு மட்டும் எங்கே?"

"இன்னைக்குத்தான் மேடம் அவ பேசினா…" என்று மைதிலியிடம் ஆரம்பித்தாள் கலைவாணி.

"பேசினாளா? அதைப் போட்டோ எடுத்தியா? இப்ப உக்கார வெச்சு எடு."

"தண்ணி பிடிச்சிட்டு வரவா?"

"மாத்தின டிரெஸ்ஸையும் நனைக்கவா? காலித் தொட்டி போதும். போட்டோல தெரியவா போவுது? உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

வர்ஷா ஆசையாக ஓடிவந்தாள். டம்ளரைத் தொட்டிக்குள் விட்டு மொண்டாள். பிளாஸ்டிக் கரகரத்தது. டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு கலைவாணியை.

"சும்மா ஊத்து கண்ணு. இங்க பாரு. சிரி."

வெறுந்தொட்டியில் வெறும் டம்ளரைக் கவிழ்த்தாள் பிள்ளை. கலைவாணி படம் எடுத்தாள். குரூப்பில் இதயங்கள் குவிந்தன. "வெரிகுட்," என்றாள் மைதிலி.

அடுத்த வாரம் தொட்டி நிறையத் தண்ணீர். கலைவாணி போனைப் பைக்குள் போட்டுவிட்டுப் பிள்ளைக்குப் பக்கத்தில் குந்தினாள். வர்ஷா டம்ளரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, போன் எங்கே என்று தேடினாள். கிடைக்காமல், கலைவாணியின் முகத்தைப் பார்த்து எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தபடியே இருந்தாள். டம்ளர் சாய்ந்து காலில் தண்ணீர் கொட்டியது. குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"நல்லா பயக்கி வுட்டுட்டே டீச்சர்," என்றாள் சரசா, தரையைத் துடைத்துக்கொண்டே.