ஃப்ளாஷ் அடிக்காமல் தாலி கட்டாதே

சத்தமே வரவில்லை.

மோகனப்ரியா மறுபடி அமுக்கினாள். மறுபடியும் நிசப்தம். எதிரே பட்டுப்புடவையும் நெற்றிச்சுட்டியுமாக உட்கார்ந்திருந்த மணப்பெண் சுசித்ரா, உதட்டை அசைக்காமல் பல்லிடுக்கில் பேசினாள்.

"இன்னும் எடுக்கலியா?"

"எடுத்துட்டேன்க்கா. ஏழெட்டு எடுத்துட்டேன்."

"பொய் சொல்லாத. டிக்குன்னு ஒரு சவுண்டு கூட வர்ல. நான் மூச்சப் புடிச்சிகினு உக்காந்துகினு கீறேன்!"

மோகனப்ரியா கேமராவைத் திருப்பி, முதுகுப்பக்கத் திரையைக் காட்டினாள். சுசித்ரா எட்டிப் பார்த்தாள். மூச்சை விட்டாள். பிறகு அவளே கேமராவைப் பிடுங்காத குறையாக இழுத்தாள்.

"அய்ய! இது நானா? எப்போ சிரிச்சேன் நான்?"

"தோழி ஜடையில பூ வெக்கும்போது கூசுதுன்னு சிரிச்சீங்களே, அப்போ."

"நீ அப்போ ஜன்னலப் பாத்துகினு நின்ன மாதிரி இல்ல இருந்துச்சு!"

அதுதான் விஷயம். மோகனப்ரியாவுக்கு உள்ளங்கை குறுகுறுத்தது. நேற்று சாயங்காலம் கூரியரில் வந்து இறங்கிய கேமரா இது. கண்ணாடி இல்லாத ரகம், மிரர்லெஸ். ஸ்டூடியோவில் இருக்கும் பெரிய கேமராவைக் கழுத்தில் மாட்டினால் அம்மிக்கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். சாயங்காலத்துக்குள் பிடரி இரண்டாகப் பிளந்துவிடும். இதுவோ ஒரு கைக்குள் அடங்கியது. ஆனால் அவளை மயக்கியது எடை அல்ல. கண்ணை வைத்துப் பார்த்தபோது தெரிந்ததே, அது! இருட்டாக இருந்தால் இருட்டாகவே தெரிந்தது. சக்கரத்தை ஒரு திருகு திருகினால் வெளிச்சம் ஏறுவது கண்முன் தெரிந்தது. எடுப்பதற்கு முன்னாலேயே போட்டோவைப் பார்த்துவிடலாம்! மணப்பெண் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு குட்டிக் கட்டம் விடாக்கண்டனாக அவள் கண்ணையே துரத்தியது. ஃபோகஸ் தப்ப வழியே இல்லை.

அவள் அக்கா கவிதாவின் புருஷன் ஸ்ரீதர் திருத்தணி பஸ் ஸ்டாண்டு அருகே ஸ்டூடியோ வைத்திருக்கிறான். ஆர்.கே.பேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்த மோகனப்ரியா, கல்லூரி முடித்து அவனிடம் வேலைக்கு வந்து சேர்ந்தாள். வந்த நாளிலிருந்து ஆல்பம் டிசைனும் பாஸ்போர்ட் போட்டோவும்தான். கல்யாணம் எடுக்க அவன் விட்டதே இல்லை. நச்சரித்து நச்சரித்துத்தான் இந்தக் கேமராவை வாங்க வைத்தாள். பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தரலாம் என்று கடைக்காரர் சொன்ன பிறகே ஸ்ரீதர் தலையாட்டினான்.

இன்றைக்கு ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தம். அடுத்தது ஆடி, கல்யாணமே கிடையாது. அதனால் திருத்தணி முருகன் கோயில் மலைமேல் எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஸ்ரீதருக்கு அரக்கோணத்தில் ஒரு பெரிய மண்டபக் கல்யாணம். மலைமேல் இந்தச் சின்னக் கல்யாணம். இரண்டு முகூர்த்தத்துக்கும் முக்கால் மணி நேர வித்தியாசம்தான், அரக்கோணத்தில் முதலில்.

"பிரியா, நல்லாக் கேட்டுக்க," என்றான் காலையில், இரண்டு ஃப்ளாஷையும் தன் பையில் திணித்தபடியே. "தாலி கட்டுற போட்டோ ஒழுங்கா வந்துச்சுன்னா ஆவணி முகூர்த்தத்துல பாதி உனக்கு. சொதப்புன, கேமரா கடைக்குப் போவும், நீ கம்ப்யூட்டர் முன்னாடி போவ. அப்பறம் கல்யாணம் எடுக்கறேன்னு வாயத் தொறக்கக் கூடாது. ஒத்துக்கிறியா?"

"ஒத்துக்கறேன் பாவா."

ஒத்துக்கொண்டாயிற்று.

மணப்பெண் அறைக் கதவு படாரென்று திறந்தது. மாப்பிள்ளையின் அம்மா பத்மா உள்ளே வந்தாள். திருவாலங்காட்டில் கரும்பும் நெல்லுமாக நிலத்தைக் கட்டி ஆளும் மனுஷி. நடையிலேயே அது தெரிந்தது.

"போட்டோக்காரர் எங்க?"

"நான்தாம்மா."

பத்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது? சோப்பு டப்பா மாதிரி கீது?"

பின்னாலேயே வந்த சுசித்ராவின் சித்தப்பா ஆனந்தன் எட்டிப் பார்த்தார். எந்தக் கல்யாணத்திலும் மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்கும் குரல் ஒன்று இருக்குமே, அந்தக் குரல்.

"குட்டி முன்னாடி வந்துடுச்சு. தாய்க் கேமரா பின்னாடி ஷேர் ஆட்டோல வந்துகினு கீதா?"

அறையே சிரித்தது. பத்மா மட்டும் சிரிக்கவில்லை. செல்போனை எடுத்து ஸ்ரீதரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்னா தம்பி, பெரிய கேமரா வரும்னு சொன்ன. பொம்மக் கேமராவக் குடுத்துப் பொண்ண அனுப்பிச்சிருக்கிற?"

மறுமுனையில் மேளச் சத்தம். "அம்மா, புது மாடலும்மா அது! இங்க முகூர்த்தம் முடிஞ்ச உடனே ஓடியாந்துடறேன்..."

"நீ வர்ற வரைக்கும் நல்ல நேரம் நிக்குமாப்பா?" பத்மா போனை வைத்தாள். குரல் தாழ்ந்தது. அதில் கோபத்தைவிடப் பயமே தெரிந்தது. "இங்க பாரு கண்ணு. என் பெரிய பையன் கல்யாணத்துல தாலி கட்டற போட்டோவே கிடையாது. கட்டற நேரத்துல எல்லாம் எழுந்து நின்னுட்டாங்க. ஆல்பத்துல பாத்தா ஆறேழு முதுகு, ஒரு வழுக்க மண்ட. அவ்ளோதான். என் மருமக இன்னிக்கும் சொல்லிக் காட்றா. இந்தத் தடவ அப்பிடி ஆவக் கூடாது."

"ஆவாதும்மா."

"ஆவாதுன்னு வாயில சொன்னா போதாது. அதான் நானே ஒரு ஏற்பாடு பண்ணிட்டேன்," என்று சொல்லிவிட்டுப் பத்மா போய்விட்டாள். என்ன ஏற்பாடு என்று சொல்லவில்லை. மோகனப்ரியாவும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மணமக்கள் மேடை ஏறியபோது மண்டபம் நிரம்பி வழிந்தது. வாசலில் அடுத்த கல்யாணக்காரர்கள் மாலையும் கழுத்துமாகக் காத்திருந்தார்கள். குருக்கள் மந்திரத்தை எக்ஸ்பிரஸ் வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார். மோகனப்ரியா மணமேடையைச் சுற்றிப் பூனைபோல் வளைய வந்தாள். அக்னிக்கு நெய் விடும் கை, மாப்பிள்ளை கதிரவனின் காதோரம் வழியும் வியர்வை, மாமன் தோளில் தூங்கும் குழந்தை. சத்தமில்லாமல் எடுத்துத் தள்ளினாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் பல்லைக் காட்டி விறைத்து நிற்கவில்லை. தான் அங்கே இல்லாமலே அங்கே இருக்கிற மாதிரி ஒரு குஷி அவள் நெஞ்சில் கிளம்பித் தலைக்கு ஏறியது.

எடுத்ததை ஒரு தரம் பார்க்கலாம் என்று திரையைத் தட்டினாள்.

குஷி ஒரே நொடியில் வடிந்தது.

போட்டோவின் குறுக்கே பட்டை பட்டையாகக் கறுப்புக் கோடுகள்! மாப்பிள்ளை முகத்தில் ஒன்று. குருக்கள் குடுமியில் ஒன்று. அடுத்த போட்டோ, அதிலும் கோடு. அதற்கடுத்தது, அதிலும். அறையில் எடுத்த போட்டோக்களைத் தள்ளிப் பார்த்தாள். அவை சுத்தமாக இருந்தன. அங்கே ஜன்னல் வெளிச்சம். இங்கே?

நிமிர்ந்தாள். மணமேடையைச் சுற்றிச் சீரியல் செட். தலைக்குமேல் எல்.இ.டி. பின்னால் முருகனும் மயிலுமாக மினுமினுக்கும் எல்.இ.டி. பலகை.

எல்லாம் எல்.இ.டி.!

அந்த விளக்குகள் நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகின்றன. சத்தமில்லாமல் எடுக்கும்போது கேமராவுக்குள் எதுவும் மூடித் திறப்பதில்லை. படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிக்கிறது. விளக்கு அணையும் நொடியில் வாசித்த வரியெல்லாம் கறுப்பு. எந்தச் சத்தமின்மையைப் பார்த்து மயங்கினாளோ, அதுதான் காலை வாருகிறது!

சைலண்ட்டை நிறுத்த வேண்டும். எங்கே இருக்கிறது அது?

தாலித் தட்டு அட்சதையோடு மேடையிலிருந்து இறங்கியது. முன்வரிசையில் பெரியவர்கள் தொட்டுக் கும்பிட ஆரம்பித்தார்கள்.

மெனுவைத் திறந்தாள். வீடியோ. இல்லை. நிறம். இல்லை. வைஃபை. ஐயோ, யாருக்கு வேண்டும் வைஃபை! தட்டு இரண்டாம் வரிசைக்குப் போனது. ஆனந்தன் சித்தப்பா தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டே அவளைப் பார்த்தார்.

"இன்னாம்மா, கேம் ஆடிகினு கீறியா?"

"ஆங், ஆடிகினு கீறேன் சித்தப்பா. நீங்க தட்டக் கொஞ்சம் மெதுவா அனுப்புங்க!"

"ஏன்?"

"கேள்வி கேக்காதீங்க!"

ஆனந்தன் என்ன நினைத்தாரோ, "ஏ, அந்த மூலையில பெரியம்மா உக்காந்திருக்காங்க பாரு, அவங்களுக்குக் காட்டாம வந்துட்டியே!" என்று முழங்கினார். தட்டு கடைசி வரிசைக்குத் திரும்பியது.

மோகனப்ரியாவின் கட்டைவிரல் பறந்தது. ஷட்டர். அதற்குள் இன்னொரு பட்டியல். ஷட்டர் வகை. சைலண்ட். தட்டி மாற்றினாள். குருக்கள் குடுமியைப் பார்த்து ஒரு அமுக்கு அமுக்கினாள்.

'க்ளிச்.'

எலி கொறித்த மாதிரி ஒரு சின்னச் சத்தம். திரையைப் பார்த்தாள். கோடு இல்லை! குடுமி, விபூதி, வியர்வை, எல்லாம் பளிச்! அதற்குள் தட்டு மேடைக்குத் திரும்பியிருந்தது.

"கெட்டி மேளம்! கெட்டி மேளம்!"

நாதஸ்வரம் வீறிட்டது. தவில் இடித்தது. கதிரவன் எழுந்து குனிந்து, தாலியைச் சுசித்ராவின் கழுத்துக்கு நேராகப் பிடித்தான்.

பிடித்தான்... பிடித்துக்கொண்டே நின்றான்.

"கட்டுப்பா," என்றார் குருக்கள்.

கதிரவன் கட்டவில்லை. கழுத்தைத் திருப்பி இங்கும் அங்கும் பார்த்தான்.

"கட்டுப்பா, நேரம் போறது! வெளிய அடுத்த ஜோடி நிக்கறா!"

"இருங்க சாமி, ஃப்ளாஷ் வரல!"

"என்ன வரல?"

"ஃப்ளாஷ் அடிச்சப்பறம்தான் கட்டணும்னு அம்மா சொல்லிக்கீறாங்க!"

இதுதான் பத்மாவின் ஏற்பாடு!

மேடைக்குப் பக்கத்திலிருந்து பத்மாவின் குரல் மேளத்தையும் மீறிப் பாய்ந்தது. "கட்டாத கதிரு! இரு! ஃப்ளாஷ் அடிக்கட்டும்!"

ஃப்ளாஷ் இரண்டும் அரக்கோணத்தில். தவில்காரர் கை ஓயாமல் இடித்துக்கொண்டிருந்தார். என்ன ஆயிற்று என்று பார்க்க மண்டபமே எழுந்தது. எழுந்த கூட்டம் மேடையை நோக்கி அலைபோல் வந்தது. மோகனப்ரியாவுக்கு முன்னால் ஒரு முதுகு. இரண்டு முதுகு. செல்போன் பிடித்த கைகள். ஒரு வழுக்கைத் தலைகூட வந்து சேர்ந்தது. அதே கதைதான், அச்சு மாறாமல்!

பெரிய கேமராவாக இருந்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அவள் யோசிக்கவில்லை. குனிந்தாள். ஆனந்தன் சித்தப்பாவின் கைக்கும் இடுப்புக்கும் நடுவே ஒரு சந்து தெரிந்தது. கேமராவை முதலில் நுழைத்து, பின்னாலேயே தலையை நுழைத்தாள்.

"ஐயோ, யாரு இடுப்புல கிச்சுகிச்சு மூட்றது!" என்று துள்ளினார் ஆனந்தன். அந்தத் துள்ளலில் இன்னும் இரண்டடி இடம் கிடைத்தது. அக்னியின் வெப்பம் முகத்தில் அறைந்தது. மணமக்கள் முகம் இதோ, கைக்கெட்டும் தூரம்.

"அண்ணா!" என்று கத்தினாள். "ஃப்ளாஷ் வராது! கட்டுங்க!"

"வராதா?" கதிரவன் தாலியும் கையுமாகத் தவித்தான். "அப்ப எடுத்தியா இல்லியான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

அதுவரை குனிந்த தலை நிமிராமல் இருந்த சுசித்ராவுக்கு அடக்க முடியவில்லை. நிமிர்ந்து புருஷனாகப் போகிறவன் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னா மாமா, எனக்குக் கட்றீங்களா, கேமராவுக்குக் கட்றீங்களா?"

கதிரவன் அவளைப் பார்த்தான். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தச் சிரிப்போடு, அவளை விட்டுக் கண்ணை எடுக்காமல், கட்டினான்.

க்ளிச் க்ளிச் க்ளிச் க்ளிச்!

அட்சதை மழையாக விழுந்தது. அரிசியும் பூவும் குறுக்கே பறந்தும், குட்டிக் கட்டம் சுசித்ராவின் கண்ணை விடவில்லை. மோகனப்ரியாவும் பித்தானை விடவில்லை. முடிச்சு விழுந்து, கதிரவன் நிமிர்ந்து, மேளம் அடங்கிய பிறகுதான் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கினாள்.

"வந்துச்சா?"

பத்மா. மேடையேறி நேராக அவளிடம் வந்திருந்தாள். மகனைக்கூடப் பார்க்கவில்லை.

மோகனப்ரியா கேமராவை நீட்டினாள். பத்மா அதை இரண்டு கையாலும் வாங்கி, முந்தானையால் திரைக்கு நிழல் கொடுத்துப் பார்த்தாள். முடிச்சில் மகன் விரல்கள். சிரிப்பில் கலங்கிய மருமகள் கண்கள். அந்தரத்தில் நிற்கும் அட்சதை. ஒரு முதுகு இல்லை. ஒரு கோடு இல்லை. படத்தின் ஓரத்தில், வாயை அகலத் திறந்து, கையை நீட்டிக் கத்திக்கொண்டிருக்கும் ஒரு பொம்பளை.

"இது யாரு, நானா?"

"ஆங்... நீங்கதாம்மா." "ஓரமா வெட்டிடலாம்மா..."

"எதுக்கு வெட்டணும்? பெத்தவ இருக்க வேணாமா?" பத்மாவின் கன்னத்தில் தண்ணீர் இறங்கியது. துடைக்காமலே சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஸ்ரீதர் வந்தான். தோளில் பெரிய பை, கையில் பெரிய கேமரா, அதன் தலையில் ஃப்ளாஷ். நாக்கு தள்ளியிருந்தது.

"முடிஞ்சிடுச்சா? பரவால்ல, ஒண்ணும் பிரச்சன இல்ல! மாப்ள, மறுபடி ஒரு தரம் தாலியப் புடிச்சிகினு என்னப் பாருங்க. ரெண்டே நிமிஷம். ரியலா வந்துடும்."

"எதுக்கு?" என்றாள் பத்மா.

"தாலி கட்ற போட்டோவுக்கும்மா."

பத்மா கேமராவை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள். ஸ்ரீதர் பார்த்தான். பெரிதாக்கிப் பார்த்தான். ஓரம் ஓரமாக நகர்த்திப் பார்த்தான். குற்றம் கண்டுபிடிக்காவிட்டால் தூக்கம் வராதவன்.

"நல்லாத்தான் கீது. ஆனா மாப்ள கேமராவப் பாக்கலியே."

"பொண்ணப் பாத்துகினு தாலி கட்றான். உன்னப் பாத்தா கட்டணும்?"

மேடை வெடித்துச் சிரித்தது. குருக்கள்கூடத் துண்டால் வாயை மூடிக்கொண்டார். ஸ்ரீதர் காது சிவக்கத் தலையைச் சொறிந்தான். மறுபடி திரையைப் பார்த்தான். இந்தத் தடவை குற்றம் தேடவில்லை. கொஞ்ச நேரம் சும்மாவே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிரியா, ஆவணியில பாதின்னு சொன்னேன் இல்ல," என்றான் மெதுவாக.

"ஆங், சொன்னீங்க."

"எந்தப் பாதி வேணும்னு நீயே எடுத்துக்க."

"பெரிய கேமராக்காரரே, நீங்க சொந்தக்காரங்கள நிக்க வெச்சி குரூப் எடுங்க!" என்று பத்மா ஸ்ரீதரை ஒரு பக்கம் தள்ளினாள். "நீ வா கண்ணு, பொண்ணு மாப்ள கூடவே இரு!"

சுசித்ராவும் கதிரவனும் விரல் கோத்து மண்டப வாசலைத் தாண்டி, மலைக்காற்றில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். மோகனப்ரியா ஓடினாள். அவர்களைத் தாண்டி முன்னால் போய், திரும்பி, பின்பக்கமாகவே நடந்தபடி கேமராவைக் கண்ணில் வைத்தாள்.