எழுத்தில் கொடுங்கள்

"அதை எழுத்துல குடுங்க சார்."

போக்குவரத்துப் போலீஸில் சேர்ந்த அன்றே கூட இருந்த காவலர் அக்கா அவள் காதைக் கடித்திருந்தாள்: மேலதிகாரியிடம் எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே. இன்று அவள் கேட்டே விட்டாள்.

இன்ஸ்பெக்டரின் மேஜையில் அவளுடைய அபராதப் புத்தகம் திறந்து கிடந்தது. காலையில் ஒரே சிக்னலில் சிவப்பு விளக்கைத் தாண்டிய இரண்டு பேருக்கு அடுத்தடுத்துச் சீட்டு எழுதியிருந்தாள். முதல் ஆள் தண்ணீர் கேன் போடுகிறவர். அடுத்த ஆள் இன்ஸ்பெக்டரின் மச்சான். அந்தச் சீட்டைத்தான் ரத்து செய்யச் சொல்கிறார்.

"எச்சரிச்சு விடறது நம்ம இஷ்டம்மா. சட்டத்துலயே இடம் இருக்கு."

"தெரியும் சார். கேன்காரரை அப்படி விடலாமான்னு வாக்கி டாக்கில கேட்டேன். எழுதித் தள்ளுன்னீங்க."

"அவனும் இவரும் ஒண்ணா?"

"விளக்கு ஒண்ணுதானே சார். ரத்து பண்ணணும்னா ரெண்டுக்கும் காரணம் எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"உங்க வீட்டுக்கே நீதான் முதல் டிகிரியோ? அதான் தலைக்கு ஏறிடுச்சு. நாளையிலிருந்து பழைய ஃபைல் ரூம்ல தூசி தட்டு, போ."

தெருவில் நின்று வேலை பார்க்கத்தான் அவள் இந்தச் சட்டையைப் போட்டாள். ஆனாலும் குரல் இறங்கவில்லை.

"அதையும் எழுத்துல குடுங்க சார்."

அவர் பேனாவைத் தொடவே இல்லை. அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தாள். வாசலில் தொங்கிய நீதிமன்றத் தபால் பையில் இரண்டு சீட்டின் நகலையும் போட்டாள். தொப்பியை மாட்டிக்கொண்டு சிக்னலை நோக்கி நடந்தாள்.