சுண்டுவிரலும் அடிச் சுரமும்

1

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பார்களே, இந்தக் கதை எனக்கு அப்படித்தான் கிடைத்தது. பல் டாக்டரின் நாற்காலியில் மல்லாந்து கிடந்தேன். வாயின் இரண்டு பக்கமும் பஞ்சு. எச்சில் உறிஞ்சும் குழாய் ஓரமாகக் கொறகொறவென்று இழுத்துக்கொண்டிருந்தது. டாக்டரின் இடது கையிலிருந்த குட்டிக் கண்ணாடி திடீரென்று நழுவி என் கடைவாய்ப் பல்லில் 'டிங்' என்று மோதியது.

"ஐயோ, சாரி சார். இது என் சுண்டுவிரல் பண்ற வேலை," என்றார் டாக்டர். அதற்கப்புறம் அவர் நிறுத்தவே இல்லை. பேச முடியாத ஆளிடம் மனதைக் கொட்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது போல. நான் 'ஆ', 'ங்ஆ' என்றதையெல்லாம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

"நீங்க கதை எழுதுறவர்தானே? இதை எழுதுங்க. கடைசியில நான் எந்த சாக்ஸபோனை வெச்சுக்கிறதா எழுதுறீங்களோ, அதையே வெச்சுக்கிறேன். யோசிச்சு யோசிச்சு எனக்கு மண்டை காஞ்சுபோச்சு."

'விளையாடாதீங்க டாக்டர்' என்று சொல்லப் பார்த்தேன். உதடு மரத்துப் போயிருந்ததால் "இளையாஆங்க" என்றுதான் வந்தது. அதையும் அவர் சரி என்றே எடுத்துக்கொண்டார்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "அந்தி மயங்கும் வேளையில், பித்தளையின் பொன் வளைவுகளில் ஒளி கசிய, அவள்—"

வேண்டாம். டாக்டர் வாசிப்பது ஞாயிற்றுக்கிழமை காலையில், ஈரத்துணி காயும் பின்னறையில். ஒளி கசியவெல்லாம் அங்கே இடமில்லை.

இரண்டாம் முயற்சி: "காற்றுக் கருவிகளின் வரலாற்றை ஆராய்ந்தோமானால்—"

இதைத் தொடர்ந்தால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். நானும்தான்.

மூன்றாம் முயற்சி: டாக்டர் குள்ளம். அவருடைய சாக்ஸபோன் பெரிசு.

இது போதும். இங்கிருந்தே போகலாம்.

பாரிட்டோன் என்பது சாக்ஸபோன் குடும்பத்தின் பெரியப்பா. உடம்பு பெருத்து, குரல் தாழ்ந்து, மேலே குழாய் ஒரு சுற்று சுற்றிக்கொண்டு இருக்கும். டாக்டர் அதை மடியோரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், ஒரு பெஞ்சில் இரண்டு பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். அவரிடம் இருப்பது அவரைவிட மூத்தது. மினுக்கு எண்ணெய் எல்லாம் உரிந்து, தொட்ட இடமெல்லாம் கையில் பித்தளை வாசனை ஒட்டும். ஆனால் அதன் அடிச் சுரம், இருப்பதிலேயே தாழ்ந்த சுரம், இருக்கிறதே! டாக்டர் வாசிக்கும் வாத்தியக் குழுவின் தலைவர் சொன்னதையே எழுதுகிறேன்: "பக்கத்து ரூம்ல யாரோ பீரோவை நகர்த்தி சுவரோரமா வெக்கிற மாதிரி இருக்கு டாக்டர். வெச்சப்புறம்தான் ரூம் சரியா ஆகுது."

(குழுத் தலைவரின் பட்டப்பெயர் கொட்டாவி. ஒத்திகையில் யார் வாசித்தாலும் வாயைப் பிளப்பார். டாக்டரின் அடிச் சுரத்துக்கு மட்டும் பிளந்ததில்லை.)

கோளாறு எங்கே என்றால், அந்த அடிச் சுரத்துக்காக அழுத்த வேண்டிய கீ மொத்தமும் இடது சுண்டுவிரலின் தலையில்தான். அந்தக் காலத்தில் இதைச் செய்தவர்களுக்கு உள்ளங்கை சாப்பாட்டுத் தட்டு அளவு இருந்திருக்க வேண்டும். டாக்டரின் விரல் எட்டி, சறுக்கி, முறுக்கிக்கொண்டுதான் அதை அழுத்த முடியும். கீயின் ஸ்பிரிங்கோ கதவுத் தாழ்ப்பாள் மாதிரி விறைப்பு. வலி சுண்டுவிரலில் ஆரம்பித்து மணிக்கட்டுக்கு வந்து, இப்போது முழங்கை வரை குடியேறிவிட்டது. கைவலிக்கு வைத்தியம் பார்க்கிற ஒருவர் (அவருக்கும் பல் கட்டுவது நம் டாக்டர்தான்) பார்த்துவிட்டு, "இப்படியே வாசிச்சீங்கன்னா கொஞ்ச நாள்ல கண்ணாடி பிடிக்க கை நிக்காது," என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். கண்ணாடி நிற்காவிட்டால் தொழிலும் நிற்காது. என் கடைவாய்ப் பல் சாட்சி.

அதனால், வாத்தியங்களைச் சரிபண்ணிக் கொடுக்கும் ரிப்பேர்காரர் ஒரு புது பாரிட்டோனைக் கொடுத்து, "வெச்சு வாசிச்சுப் பாருங்க. பிடிச்சிருந்தா பழசைக் குடுத்திட்டு இதை எடுத்துக்குங்க. பழசைக் கேட்டு ஒருத்தர் வந்து உக்காந்திருக்கார். இல்லைன்னா இதைத் திருப்பிடுங்க," என்றார். புதுசில் விரல் விழுந்த இடத்தில் கீ இருந்தது. வலியே இல்லை. டாக்டர் ஒரு பாட்டு முழுவதையும் வாசித்துவிட்டு, சந்தோஷத்தில் நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லா இருக்கு டாக்டர்," என்றார் தலைவர். சொல்லிவிட்டு வாயைப் பிளந்தார்.

3

'பழசையே கொஞ்சம் மாற்றிக்கொண்டால் என்ன?' என்று நீங்கள் கேட்பீர்கள். டாக்டர் உங்களை முந்திக்கொண்டுவிட்டார்.

பல்செட் செய்யும் பிசின் அவரிடம் நிறைய இருக்கிறது. ஒவ்வொரு கீயின் மேலும் அதைப் பூசி, தன் விரலை அழுத்தி அச்செடுத்து, கெட்டியாக்கினார். ஈறு நிறப் பிசின். "என்ன டாக்டர், சாக்ஸபோனுக்கு ஈறு வளர்ந்திருக்கு?" என்று குழுவில் எல்லாரும் ஓட்டியதை அவர் கண்டுகொள்ளவில்லை. விரல் அச்சில் கச்சிதமாகப் பொருந்தியது. கிளினிக்கில் பொருந்தியது. ஒத்திகையில் உட்கார்ந்து கழுத்து வாரை மாட்டினால் ஒரு விரல்கூடப் பொருந்தவில்லை.

ஏன் என்று ரிப்பேர்காரர்தான் கேட்டுக் கண்டுபிடித்தார். "அச்செடுக்கறப்ப இதை எங்க வெச்சிருந்தீங்க?"

"நாற்காலியிலதான்."

"எந்த நாற்காலி?"

டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். பாரிட்டோனை நோயாளியின் நாற்காலியில் மல்லாக்கப் படுக்க வைத்து, விளக்கைத் தாழ்த்தி, கையுறை மாட்டி, தான் ஸ்டூலில் உட்கார்ந்து அதன்மேல் குனிந்துதான் அச்செடுத்திருந்தார். இத்தனை வருஷப் பழக்கம், உடம்பு தானாகவே அப்படிப் போய் உட்கார்ந்துகொண்டது. அந்தக் கீகள் இனி, சாக்ஸபோன் படுத்திருந்தால்தான் பொருந்தும்.*

* பிசினை முழுவதும் டாக்டரே சுரண்டி எடுத்தார். பல் ராவும் அதே மிஷினால். பக்கத்துக் கடைக்காரர் யாருக்கோ பெரிய சிகிச்சை நடக்கிறது என்று நினைத்து வந்து எட்டிப் பார்த்தாராம்.

4

இங்கே எனக்கு ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம் வருகிறது. டாக்டரின் கணவர்.

முதல் பிரதியில் அவரை ஒரு சிடுமூஞ்சியாக எழுதியிருந்தேன். "இந்த ஊதல் சத்தத்துல மனுஷன் வீட்ல இருக்க முடியுதா?" என்று கத்துவார். கதைக்கு ஒரு எதிர்ப்பு வேண்டுமே! அடுத்த முறை பல் காட்டப் போனபோது டாக்டர் அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு முறைத்தார்.

"எங்க வீட்டுக்காரர் எப்ப சார் இப்படிக் கத்தினார்?"

"கதைக்காக டாக்டர்..."

"கதைக்குன்னா உங்களைத் திட்டி எழுதிக்கங்க."

கையில் ஊசி வைத்திருப்பவரிடம் வாதம் பண்ண முடியாது. எழுதியதை அடித்துவிட்டேன். நிஜத்தில் அவர் கணக்கு வாத்தியார், சாது, பாட்டு என்றால் காத தூரம். அப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு கதையில் என்ன செய்வது என்று விழித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், கதையையே புரட்டிப் போட்டவர் அவர்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் முன்னறையில் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். பின்னறையிலிருந்து டாக்டர் குரல் கொடுத்தார். "ஏங்க, மாத்தி மாத்தி வாசிக்கிறேன். பழசா புதுசான்னு சொல்லுங்க. திரும்பிப் பாக்கக் கூடாது."

"எனக்கென்னம்மா தெரியும்?"

"சும்மா சொல்லுங்க."

டாக்டர் வாசித்தார். "பழசு," என்றது முன்னறை. இன்னொன்று வாசித்தார். "புதுசு." மறுபடியும் புதுசையே வாசித்து ஏமாற்றிப் பார்த்தார். "இதுவும் புதுசுதானே?" ஒன்றுகூடத் தப்பவில்லை. டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. பழசைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டே முன்னறைக்கு ஓடினார்.

"பாத்தீங்களா! பாட்டே கேக்காத உங்களுக்கே அந்த டோன் தெரியுது! இதைப் போய் குடுக்கச் சொல்றாங்களே!"

கணவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "டோனா? அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. பழசுல அந்தப் பெரிய சத்தம் வர்றதுக்கு முன்னாடி வாயோரமா 'ஸ்'ஸுன்னு ஒரு மூச்சு இழுக்கிற. ஏதாவது சுட்டுட்டா இழுப்பியே, அது. புதுசுல இழுக்கறதில்லை. அதை வெச்சுத்தான் சொன்னேன்."



டாக்டர் உள்ளே போய், தன்னையே வேவு பார்ப்பது போல மெதுவாக வாசித்துப் பார்த்தார். கணவர் சொன்னது சரி. மூச்சு. பிறகு சுண்டுவிரல் எட்டுகிறது, சறுக்குகிறது, முறுக்கி அழுத்துகிறது. அதற்குள் தாளம் ஒரு இழை முன்னால் போய்விடுகிறது. அப்புறம்தான் சுரம் வந்து விழுகிறது. பீரோ வருகிறது, வருகிறது, வந்து உட்கார்கிறது. ஊரே மயங்கிய அந்தத் தாமதம் அவருடைய வலிதான்.

அவர் பாரிட்டோனை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். ரொம்பக் கோபமாக வந்தது. யார்மேல் என்று தெரியாததால் காய்ந்த துணிகளை எல்லாம் வேகவேகமாக மடித்து வைத்தார்.

5

தொனி ஒரு பக்கம், கைக்கு வசதி ஒரு பக்கம், தராசில் வைத்தால் தீர்ந்தது என்று நினைத்துத்தான் இந்தக் கதையை ஆரம்பித்தேன். இரண்டும் ஒரே தட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றால் தராசு என்ன செய்யும்?

ரிப்பேர்காரரிடம் கேட்டார் டாக்டர். "அப்ப இத்தனை நாளா டோன்னு சொன்னதெல்லாம் பொய்யா?"

"பொய்யெல்லாம் இல்லை டாக்டர். பழசோட சத்தம் நிஜமாவே அகலம்தான். ஆனா கேக்கறவங்களுக்குப் பிடிச்சதுல பித்தளை எவ்வளவு, உங்க விரல் எவ்வளவுன்னு என்னால பிரிச்சுத் தர முடியாது. அடுத்த வாரம் ஒண்ணை எனக்குக் குடுத்திடணும், அதைச் சொல்லிட்டேன்."

டாக்டர் விடவில்லை. புதுசில் வேண்டுமென்றே தாமதமாக வாசித்தால் போயிற்று என்று கிளம்பினார். அடிச் சுரம் வரும் இடத்தில் மனதுக்குள் ஒரு கணம் காத்திருந்து, பிறகு ஊதினார்.

"டாக்டர், தாளம் தப்புது," என்றார் தலைவர்.

6

முடிவுகள்.

அ. டாக்டர் பழசையே வைத்துக்கொள்கிறார். இதை நான் எழுதினேன். நன்றாகவே வந்தது, பொய் சொல்வானேன்? நிரம்பிய அரங்கு, வலிக்கும் கை, ஒரு மூச்சு, அந்தச் சுரம். என் மனைவி படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் குளிர்ந்துபோனேன். அப்போது அவள் கேட்டாள், "சரி, அந்தம்மா கை என்னாச்சு?" கை வலித்தது டாக்டருக்கு. பாராட்டு வாங்கியது நான். அடுத்தவர் சுண்டுவிரலில் அழகான முடிவு எழுதுவது எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஆ. டாக்டர் புதுசை எடுத்துக்கொள்கிறார். கை குணமாகிறது. பற்கள் பிழைக்கின்றன. தலைவர் வாயைப் பிளக்கிறார். இதை நான்கு முறை எழுதினேன், நான்கு முறையும் மருந்துக்கடை விளம்பரம் போல இருந்தது. ஆனால் டாக்டர் ஒருநாள் சொன்னதை இங்கே வைக்காவிட்டால் அது நியாயமில்லை. "நாள் முழுக்க என்னைப் பாத்து எல்லாரும் பயப்படுறாங்க சார். நாற்காலிக் கைப்பிடியை அப்படி இறுக்கிப் பிடிச்சுக்கிறாங்க. அந்த ஒரு சத்தத்துக்கு மட்டும்தான் என்னைப் பாத்து ஆடுறாங்க." புதுசில் யாரும் ஆடவில்லை. அதுவும் உண்மை.

இ. டாக்டர் புல்லாங்குழலுக்கு மாறுகிறார். இதை எழுத ஆரம்பித்ததுமே எனக்கே சிரிப்பு வந்து—

போன் அடிக்கிறது. டாக்டர்தான்.

"சார், கதை முடிஞ்சுதா? ரிப்பேர்காரர் வாசல்ல நிக்கிறார். ரெண்டையும் பெட்டியில வெச்சாச்சு."

"கடைசிப் பத்திதான் டாக்டர் பாக்கி."

"சரி, நான் லைன்லயே இருக்கேன். எழுதுங்க."

7

இதை நான் தனியாக எழுத மாட்டேன். நீங்களும் வாருங்கள். ஆனால் சும்மா சாய்ந்துகொண்டு சொல்லக் கூடாது. இடது கையை மேசை விளிம்பில் வையுங்கள். மேசை இல்லாவிட்டால் நாற்காலிக் கட்டை, சுவர், எதுவானாலும் சரி. மற்ற விரல்களைத் தூக்கிக்கொண்டு சுண்டுவிரலை மட்டும் வெளிப்பக்கமாக எட்டும்வரை நீட்டி, அழுத்துங்கள். இன்னும் கொஞ்சம். இந்தப் பத்தி முடியும்வரை எடுக்காதீர்கள்.

அரங்கில் ஆட்கள் நிறைந்திருக்கிறார்கள். காலையில் டாக்டரிடம் பல் பிடுங்கிக்கொண்டவர்கூட மூன்றாம் வரிசையில் கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். பாட்டு இறங்கிக்கொண்டே வருகிறது. மற்றவர்கள் எல்லாரும் ஒதுங்கி டாக்டருக்கு வழி விடுகிறார்கள். (அழுத்துகிறீர்கள்தானே?) தலைவர் கண்ணை மூடிக்கொள்கிறார். முன்வரிசையில் கணவர் மட்டும், கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு, அந்த மூச்சுக்காகக் காத்திருக்கிறார். டாக்டரின் விரல் நீள்கிறது. மணிக்கட்டு முறுக்கிக்கொள்கிறது. தாளம் ஒரு இழை முன்னால் போகிறது. அது வருகிறது. தரை வழியாக எல்லாருடைய உள்ளங்காலிலும் ஏறி வருகிறது, அப்பா, எவ்வளவு நன்றாக இருக்கிறது! மூன்றாம் வரிசைக்காரர் கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டு ஆடுகிறார். சுரம் இன்னும் முடியவில்லை. டாக்டர் பிடித்துக்கொண்டிருக்கிறார். நீங்களும் பிடித்துக்கொண்டிருங்கள். இன்னும் முடியவில்லை. இன்னும்.

போதும், எடுங்கள்.

டாக்டர் லைனில் இருக்கிறார். எந்தப் பெட்டியைக் கொடுக்கச் சொல்லட்டும்?