லிஃப்டுக்குக் கொஞ்சம் ஓய்வு

லிஃப்ட் பழுது பார்க்கும் அந்தக் கம்பெனியில் அவனுக்குக் கடப்பாரை என்று பெயர். ஆள் என்னவோ ஒல்லிதான். பேச்சுதான் கடப்பாரை. பதினாறு வருட வேலையில் ஒரு விஷயத்தையும் அவன் சுற்றி வளைத்துச் சொன்னதில்லை. ஒரு ஓட்டல் முதலாளியிடம், "இந்த லிஃப்டுல என் மாமியாரைக்கூட ஏத்த மாட்டேன் சார்" என்று வரவேற்பறையில் பத்துப் பேர் காதுபடச் சொன்னான். லிஃப்ட் மறுநாளே சரியானது. அடுத்த மாதம் அந்த ஓட்டல் வேறு கம்பெனிக்குப் போய்விட்டது.

மேற்பார்வையாளர் பதவி இரண்டு தடவை அவன் வாசல்வரை வந்து திரும்பிப் போயிற்று. இரண்டு தடவையும் அவனுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள், அவனிடமே வேலை கற்றவர்கள், சட்டையில் பேனா குத்திக்கொண்டு மேலே போனார்கள். "உங்க வேலை தங்கம். வாய்தான்..." என்று மேனேஜர் பாதியில் நிறுத்துவார். மீதியை ஊரே அறியும்.

பதவி அவனுக்குத் தேவைப்பட்டது. லிஃப்ட் ஓடாத கட்டடத்துக்குத்தான் லிஃப்ட்காரனைக் கூப்பிடுவார்கள். மெஷின் ரூம் மொட்டை மாடியில் இருக்கும். ஆக, ஊரையெல்லாம் லிஃப்டில் ஏற்றிவிட்டு அவன் மட்டும் வாழ்நாள் முழுக்கப் படி ஏறினான். வலது முழங்கால் போய்விட்டது. இன்னும் இரண்டு வருடம் ஏறினால் அப்புறம் தடிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த டாக்டரும் கடப்பாரை ரகம்.

இந்த வருடம் கம்பெனி அவனைப் பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பியது. எட்டு சனிக்கிழமை. சொல்லிக்கொடுத்த அம்மாள் சிரித்த முகம் மாறாதவர். எந்தக் குறையைச் சொல்வதானாலும் முன்னால் ஒரு நல்ல வார்த்தை, பின்னால் ஒரு நல்ல வார்த்தை, நடுவில் குறை. 'ஆபத்து', 'நிறுத்து', 'முடியாது', 'தப்பு' ஆகிய நான்கும் வாயிலிருந்து வரவே கூடாது. ஒவ்வொரு வேலை முடிந்ததும் வாடிக்கையாளர் போனில் நட்சத்திரம் போடுவார். மாதம் முழுக்க ஐந்து ஐந்தாக வாங்கினால் நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள்.

அவன் வீட்டில் பயிற்சி செய்தான். "இந்தக் குழம்போட நிறம் பிரமாதம். கொஞ்சம் உப்பு சேர்த்தா இன்னும் நல்லாருக்கும். தட்டு ரொம்ப சுத்தமா இருக்கு" என்றான். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "ஏங்க, பதினெட்டு வருஷமா இந்தப் பேச்சையெல்லாம் எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்று கேட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்கு அந்த வகுப்பின் மேல் பக்தியே வந்துவிட்டது.

மாதம் முழுக்க ஐந்து நட்சத்திரம். நேர்முகம் மூன்று மணிக்கு. அன்று காலையில் ஒரே ஒரு கட்டடம் பாக்கி இருந்தது.

ஆறு மாடி. மெஷின் ரூமில் பிரேக்கைத் திறந்து பார்த்தான். சக்கரத்தை இறுக்கிப் பிடித்து நிறுத்தும் லைனிங் நகத்தின் கனத்துக்குத் தேய்ந்திருந்தது. நான்காவது மாடியில் நிறுத்திச் சோதித்தான். நின்ற இடத்தில் நிற்காமல் லிஃப்ட் மூன்று விரற்கடை நழுவிப் பிறகு நின்றது. கதவு திறந்தபடியே. காலி லிஃப்டே இப்படியென்றால், பாரம் ஏறினால் எவ்வளவு நழுவும், எங்கே நிற்கும், அல்லது நிற்குமா என்பதை யாராலும் சொல்ல முடியாது. புது லைனிங் அவன் பையில் இல்லை. மறுநாள் காலையில்தான் கிடைக்கும்.

செய்ய வேண்டியது அவனுக்குத் தூக்கத்திலும் தெரியும். மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டு போட வேண்டும். கம்பெனி விதிப்படி அதற்கு முதலில் வாடிக்கையாளரின் கையெழுத்து வேண்டும். அவன் எப்போதும் தலைகீழாகச் செய்வான். பூட்டிவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, அப்புறம் போய்க் கையெழுத்து கேட்பான். கிடைத்த திட்டுகளில் பாதி அதற்காகத்தான். இன்று திட்டு வாங்கும் நாள் இல்லை. சுவிட்சை அப்படியே விட்டுவிட்டுக் கீழே இறங்கினான்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் தரைத்தளத்தில் இருந்தார். ஓய்வுபெற்ற அம்மாள், சுறுசுறுப்பானவர்.

"மேடம், இந்த லிஃப்ட நீங்க பராமரிச்சிருக்குற விதம் பிரமாதம்" என்று ஆரம்பித்தான். அம்மாளின் முகம் மலர்ந்தது. "பிரேக்ல கொஞ்சம் தேய்மானம் தெரியுது. நாளைக்குக் காலையில வந்து மாத்திடுறேன். இவ்வளவு அக்கறையா பாத்துக்கிற கட்டடம் ரொம்பக் குறைச்சல் மேடம்."

"அப்படியா! இத மத்தவங்க காதுல விழற மாதிரி சொல்லுங்க தம்பி" என்று அம்மாள் சிரித்தார். "மத்தியானம் நாலாவது மாடிக்காரங்க வீடு காலி பண்றாங்க. ஒண்ணும் பிரச்சினை இல்லையே?"

பழைய பதில் தொண்டைக்குழிவரை வந்தது. அதில் அந்த நான்கு வார்த்தைகளும் இருந்தன. அவன் அதை மென்று விழுங்கினான்.

"முடிஞ்சவரைக்கும், இன்னைக்கு ஒரு நாள் லிஃப்டுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்தா அதுக்கு நல்லது மேடம்."

"கொடுத்துட்டா போச்சு!"

தன் வருகைப் புத்தகத்தில் 'இன்று ஓய்வு பரிந்துரை' என்று எழுதினான். அம்மாள் படித்தாரோ இல்லையோ, கையெழுத்து அழகாக விழுந்தது. வாசலுக்கு வந்ததும் கால் ஒரு நிமிடம் நின்றது. மேலே போய்ப் பூட்டிவிட்டு வந்துவிடலாமா? ஆறு மாடி. நேர்முகம். நட்சத்திரம். சொல்லியாகிவிட்டது, கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்தான்.

ஆனாலும் வழியெல்லாம் ஏதோ அரித்துக்கொண்டே இருந்தது. கேஸை அணைத்தோமா இல்லையா என்று பாதித் தெருவில் யோசிப்பவர்களுக்கு அது என்ன அரிப்பு என்று தெரியும்.

மூன்று மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு உள்ளே போனான். மேனேஜரும், அவருக்குப் பக்கத்தில் பயிற்சி கொடுத்த அம்மாளும் இருந்தார்கள்.

"ஒரு கஷ்டமான விஷயத்த வாடிக்கையாளர்கிட்ட எப்படிச் சொல்வீங்க?" என்று மேனேஜர் கேட்டார்.

வாயில் தயாராக இருந்தது காலைக் கதைதான். சொன்னான். சொல்லச் சொல்ல அது அழகாகவே இருந்தது. பயிற்சி அம்மாள் தன் பிள்ளை பாட்டுப் பாடுவதைக் கேட்பவர்போலத் தலையசைத்தார்.

"அவங்க நட்சத்திரமும் வந்தாச்சு. அஞ்சு" என்றார் மேனேஜர், கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி. "ரெண்டு வரி எழுதியும் இருக்காங்க. கேளுங்க. 'மிகவும் இனிமையான மனிதர். எங்கள் லிஃப்ட் பிரமாதமான நிலையில் இருப்பதாகச் சொன்னார். சாமான் ஏற்ற வந்தவர்களுக்கும் தைரியம் சொல்லிவிட்டோம்.'"

பயிற்சி அம்மாள் கைதட்டினார்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். சுவரில் மணி மூன்று இருபது.

"சார், ஒரு போன்" என்று எழுந்தான்.

"இப்பவா? உக்காருங்க, இன்னும் முடியல."

அவன் அதற்குள் நடைவழிக்கு வந்துவிட்டான். முதல் தடவை மணி அடித்து ஓய்ந்தது. இரண்டாம் தடவையும் ஓய்ந்தது. அவசரத்தில் மூன்றாம் தடவை வேறு யாருக்கோ போய்விட, துண்டித்தான். நான்காம் தடவை செயலாளர் அம்மாள் எடுத்தார். பின்னால் ஏதோ இழுபடும் சத்தமும், "மெதுவா, மெதுவா" என்று ஆண் குரல்களும் கேட்டன.

"வணக்கம் மேடம், காலையில நீங்க ரொம்ப அன்பா..." என்று அவன் வாய் தானாக ஆரம்பித்தது. எட்டு சனிக்கிழமை. அதைத் தன் காதாலேயே கேட்டபோது அவனுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது.

"மேடம், லிஃப்ட நிறுத்துங்க!"

"என்ன தம்பி?"

"யாரும் ஏறக் கூடாது. பிரேக் போச்சு. கதவு திறந்திருக்கும்போதே நகரும். ஆள் செத்துடும்!"

"காலையில பிரமாதமா இருக்குன்னு சொன்னீங்களே?"

"அப்புறம் பேசலாம். மேல பாத்துக் கத்துங்க. இப்பவே!"

படபடவென்று செருப்புச் சத்தம். "ஏறாதீங்க! யாரும் ஏறாதீங்க!" என்று அம்மாளின் குரல் படிக்கட்டில் எதிரொலித்தது. அதற்குப் பின்னால், இரும்பும் கண்ணாடியும் ஒன்றாக மோதியதுபோல ஒரு பெரிய சத்தம். யாரோ அலறினார்கள். போன் நின்றுவிட்டது.

மறுபடி கூப்பிட்டான். யாரும் எடுக்கவில்லை.

அங்கிருந்து இருபது நிமிட வழி. அந்த இருபது நிமிடத்தை அவன் எப்படி ஓட்டினான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. ஒவ்வொரு சிக்னலிலும் அந்த அலறல் கேட்டது. ஆம்பிளைக் குரலா, பொம்பளைக் குரலா? ஒரு சிக்னலில் சின்னப் பிள்ளையின் குரல் என்றுகூடத் தோன்றியது. அங்கே அவன் வாய்விட்டு அழுதான். பக்கத்து வண்டிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெறும் ஆறு மாடி. முழங்கால் வலிக்கும் என்றா விட்டான்? இல்லை. ஒரு சிரிப்பு கெட்டுவிடக் கூடாது என்று விட்டான்.

கட்டடத்து வாசலில் ஆம்புலன்ஸ் இல்லை. கூட்டமும் இல்லை. அதைப் பார்த்து அவன் நிம்மதி அடையவில்லை. இரண்டிரண்டு படியாக நான்காவது மாடிக்கு ஏறினான்.

லிஃப்ட் ஒரு முழம் கீழே இறங்கி நின்றிருந்தது. உள்ளே அட்டைப்பெட்டிகள். பாதி உள்ளே போன இரும்பு பீரோ கவிழ்ந்து, கண்ணாடி சுக்கல் சுக்கலாகிக் கிடந்தது. லிஃப்டின் தரை விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் ஒரு ரப்பர் செருப்பு தகடாக நசுங்கிச் சிக்கியிருந்தது.

செருப்பின் சொந்தக்காரர் படியில் உட்கார்ந்திருந்தார். சாமான் தூக்கும் ஆள், தலை பாதி நரைத்தவர். ஒரு காலில் செருப்பு இருந்தது. இன்னொரு கால் வெறும் கால், முழுசாக, தடதடவென்று நடுங்கிக்கொண்டு இருந்தது.

"சத்தம் கேட்டதும் கால இழுத்துக்கிட்டாராம்" என்றார் செயலாளர் அம்மாள். உடனே அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இவர்தாங்க! காலையில எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போனது இவர்தான்!"

அவன் முதலில் மொட்டை மாடிக்குப் போய் மெயினை அணைத்துப் பூட்டினான். பூட்டும்போது போன் அடித்தது. நடைவழியில் அவன் கத்தியதைக் கேட்ட மேனேஜர்.

"யாருக்காவது அடி பட்டுச்சா?"

"இல்ல சார்."

"அப்பாடா. புத்தகத்துல ஓய்வுன்னு எழுதியிருக்கீங்கள்ல? கையெழுத்து இருக்கா?"

"இருக்கு."

"அப்ப நம்ம மேல ஒண்ணும் வராது. அந்தம்மா படிக்காம கையெழுத்துப் போட்டா நாம என்ன பண்றது? நீங்க கத்துக்கிட்ட மாதிரியே நயமா எடுத்துச் சொல்லிட்டு வாங்க. பதவி உங்களுக்குத்தான், நான் பேசிட்டேன். ஏடாகூடமா எதையாவது ஒத்துக்கிட்டீங்கன்னா என்னால காப்பாத்த முடியாது."

அவன் கீழே இறங்கி வந்தான். ஒரு படிக்கு ஒரு தடவை முழங்கால் சுள்ளென்றது. புத்தகம் அவன் பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டினால் போதும். அம்மாள் வாயடைத்துப் போவார்.

சாமான் தூக்குபவர் நிமிர்ந்து பார்த்தார். "சார், நான் கால எடுக்காம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"கால் போயிருக்கும்" என்றான் அவன். "தல உள்ள இருந்திருந்தா உயிர் போயிருக்கும்."

அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார்.

"காலையிலயே எனக்குத் தெரியும். பூட்டியிருக்கணும், பூட்டல. மேடம்கிட்டயும் தெளிவா சொல்லல, தேன் தடவிச் சொன்னேன். அவங்க மேல ஒண்ணும் இல்ல. தப்பு என்னுது. எழுதியும் தர்றேன்."

பதினாறு வருடமாக ஊரில் உள்ளவர்கள் தப்பையெல்லாம் முகத்துக்கு நேரே சொன்னவன்தான். தன் தப்பை ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்வது அவனுக்கு இதுதான் முதல் தடவை. இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை.

அந்த ஆள் திட்டுவார் என்று நின்றான். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றான். அவர் தன் வெறும் காலைத் தடவிக்கொண்டார்.

"எனக்கு ரெண்டு பொண்ணுங்க சார்" என்றார்.

அவன் அவருக்குப் பக்கத்தில், அதே படியில் உட்கார்ந்தான். போன் மறுபடி அடித்தது. அவன் எடுக்கவில்லை. நடுங்கிக்கொண்டிருந்த அந்தக் காலின் மேல் கையை வைத்து, நடுக்கம் அடங்கும்வரை பிடித்துக்கொண்டே இருந்தான்.