போகாத வகுப்பின் வரவுத்தாள்

விடிய ஐந்தரைக்கே நிலக்கீழ்ச் சமையலறையில் முப்பது கிலோ வெங்காயம் எங்களுக்காகக் காத்திருந்தது. புறநகரான சார்செலிலிருந்து முதல் ரயிலில் வந்த கலாவதியக்கா, கோட்டைக் கழற்றிய கையோடு இறைச்சி அண்டாவைத் தூக்கி அடுப்பில் ஏற்றினார். நான் ரொட்டிக்கு மா குழைத்தேன். மதுஷனும் நிரஞ்சலாவும் கண்ணெரிய வெங்காயம் வெட்டினார்கள்.

லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில், எங்கள் உணவகத்தின் முன், அக்காவின் குழம்புக்கு வரிசையில் நிற்கிறார்கள். சம்பளச்சீட்டிலோ அவர் பாத்திரம் கழுவுபவர். பதினொரு வருடமாக இந்த அநியாயம். சமையல்காரருக்குரிய தொழிற்சான்றிதழ் இல்லை என்பது முதலாளி தவரத்தினத்தின் காரணம்.

அதை எடுக்கத்தான் அக்கா பாடுபட்டார். வேலை செய்கிற ஒவ்வொரு வருடத்துக்கும் தொழிலாளியின் பெயரில் அரசாங்கம் காசு போடுகிறது. கையில் எடுக்க முடியாது, வரியும் கிடையாது, தொழில் படிக்க மட்டும்தான். நாங்கள் அதைப் போர்மசியோன் காசு என்போம். செப்டெம்பர் வகுப்புக்குப் பதியப் போனபோது, பயிற்சி நிலையத்து ஆனைஸ் கணினித் திரையை அக்காவின் பக்கம் திருப்பிக் காட்டினாள். கணக்கில் ஒன்றுமில்லை. அந்தக் காசில் அக்கா ஏற்கெனவே இணையத்தில் ஆங்கிலம் படித்து முடித்துவிட்டாராம்!

பிழை எங்களுடையதும்தான். பிரெஞ்சுக் கடிதம் வந்தால் முதலாளியிடம் நீட்டியே பழகியவர்கள் நாங்கள். கணக்குத் திறந்தபோதும் அவருடைய தொலைபேசி எண்ணையே கொடுத்தோம். இரகசிய எண்ணெல்லாம் அவருக்குத்தான் போனது. அக்கா சொன்ன பிறகு பார்த்தால் நால்வரும் ஆங்கிலம் படித்தவர்கள். எங்கள் பெயரில் பதிந்து அந்தக் காசைக் கறந்தது வேறு யார்?

எட்டு மணிக்குத் தவரத்தினம் படியிறங்கி வந்தார். கையில் அந்த வகுப்பின் வரவுத்தாள். கொன்ரோல் என்கிற அரசாங்கச் சோதனை வருகிறதாம், எல்லோரும் கையெழுத்து வைக்க வேண்டுமாம்.

"நான் படிக்கேல்லை அண்ணை," என்றார் அக்கா.

"உன்ரை பப்பியே, பிரெஞ்சுக் கடிதம் எல்லாம் ஆர் செய்து தந்தது, கலா?"

"நீங்கள்தான். அந்த நம்பிக்கையிலைதான் உங்கடை நம்பரைக் குடுத்தனாங்கள்."

"வைக்காட்டி நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்."

அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. யாரும் அதைக் கிளறவில்லை. சார்செல் வீட்டு வாடகை அக்காவின் சம்பளத்தில்தான் ஓடுகிறது. எங்களுக்கும் பயம்தான், மறைப்பானேன்.

அக்கா கையைத் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினார். தன் பெயருக்கு நேரே, கையெழுத்துக் கட்டத்தில், தமிழில் எழுதினார்: 'நான் படிக்கவில்லை.' பேனாவை நிரஞ்சலாவிடம் கொடுத்தார். அவள் எழுதினாள். மதுஷன் எழுதினான். மாப் படிந்த விரலால் நானும் எழுதினேன்.

தவரத்தினம் கை நீட்டினார். அக்கா கொடுக்கவில்லை. தாளை நான்காக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தார். திங்கட்கிழமை தொழிற்சங்கத்துக்கு நால்வரும் சேர்ந்து போவதென்று அந்த இடத்திலேயே முடிவாயிற்று.

"கொன்ரோலுக்கு வாறவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமே?" என்று முதலாளி சிரித்தார்.

"தெரியாட்டி எங்களைக் கூப்பிட்டுக் கேக்கட்டும்," என்றார் அக்கா. "நாலு பேரும் சொல்லுவம்."