மிதிக்கக் கூடாத இடம்

செத்த கெளுத்திக் குஞ்சு ஒன்று வயிறு வெளுக்க மிதந்துவந்து மரியபுஷ்பத்தின் காலில் தட்டியது. கையால் ஒதுக்கிவிட்டு அடுத்த நாற்றை ஊன்றினாள். மருந்தடித்த வயலில் மீன் சாகும். ஆனால் இந்த வயலுக்கு இன்னும் மருந்தே அடிக்கவில்லை என்பது கொஞ்சம் கழித்துத்தான் மண்டையில் ஏறியது.

ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே துரைராசுவின் வயல் அது. ஒன்றரை ஏக்கரும் நடுவில் வரப்பில்லாத ஒரே தாக்கு. முழுக்க உளைச் சேறு என்பதால் நடவு மிஷினை இறக்கினால் புதைந்துபோகும். அதனால் மரியபுஷ்பமும் அவள் கூட்டிவரும் ஐந்து பெண்களும்தான் வருஷா வருஷம் நடுகிறார்கள். முன் வரப்பில் தொடங்கி, குனிந்து நட்டுக்கொண்டே பின்னால் போக வேண்டும். பின்னால் என்ன இருக்கிறது என்று கால்தான் பார்க்கும்.

அன்றைக்குப் பின்னால் இருந்தது கரண்ட் கம்பி. ராத்திரி அடித்த காற்றில் கம்பத்துக்கும் மோட்டார் கொட்டகைக்கும் நடுவே அறுந்து, பின் வரப்பைத் தாண்டி வயல் தண்ணீரில் கிடந்தது. இறங்குமுன் அவள் துரைராசுவிடம் கேட்கத்தான் கேட்டாள். ஊரிலேயே கரண்ட் இல்லை, லைன்மேனிடம் சொல்லியாகிவிட்டது, நீங்கள் அந்தப் பக்கம் வருவதற்குள் எடுத்துவிடுவார்கள் என்றார். பறித்த நாற்று வாடுகிறது பார் என்றும் சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போனார்.

"அவரு வூட்டு ஃபேன் சுத்தலன்னா ஊருக்கே கரண்ட் இல்லம்பாரு" என்றாள் கூட நட வந்த ராமாயி. சிரித்துக்கொண்டேதான் எல்லோரும் இறங்கினார்கள்.

இப்போது தூரத்தில், ஹாஜா மைதீனின் தோட்டக் கொல்லையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் வந்துவிட்டது. எப்போது வந்தது? குனிந்த தலைகளுக்குக் கேட்கவில்லை. லைன்மேனையும் காணோம்.

மரியபுஷ்பம் ஒரு எட்டு பின்னால் வைத்தாள். கணுக்காலில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. இன்னொரு எட்டு வைத்ததும் எறும்பு முள்ளாகிக் குத்தியது. நிமிர்ந்தாள்.

மகள் எல்சி மற்றவர்களை விட்டு வெகுதூரம் பின்னால் போயிருந்தாள், கம்பி கிடந்த பக்கமாக. கையில் வேகம் இருந்தால்தான் மறுநாளும் வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்று அவளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தவளே மரியபுஷ்பம்தான்.

"எல்சி, நில்லு. பின்னால போவாத."

எல்சி நிமிர்ந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. "கால் மரத்துப் போவுதும்மா."

மற்றவர்களுக்கும் விளங்கிவிட்டது. ராமாயி சட்டென்று பின் வரப்பைப் பார்த்துத் திரும்பினாள். நடவாளுக்கு வெளியேறும் வழி எப்போதும் அதுதான். முன்னால் நட்ட பயிர், பக்கத்து வரப்புகளோ தூரம்.

"அங்க போவாதக்கா, கம்பி கெடக்கு. முன்னால வாங்க. மிதிச்சுக்கிட்டே வாங்க" என்று கத்தினாள் மரியபுஷ்பம்.

ஒருத்தியும் அசையவில்லை. சொன்னவளும் அசையவில்லை. முன்னால் எடுத்த கால் நாற்று வரிசைக்கு மேலே அந்தரத்தில் நின்றது, இறங்கவில்லை.

ஆபத்து என்று வந்தால் வாய் தானாக மாதாவைக் கூப்பிடும் என்றுதான் அவள் தன்னைப் பற்றி நினைத்திருந்தாள். வருஷம் தவறாமல் பூண்டி மாதா கோயிலுக்கு நடந்து போகிறவள். மாதா வரவில்லை. நட்டதை மிதிக்காதே என்பதுதான் வந்தது. துரைராசுவின் அதட்டலோ, செத்துப்போன புருஷனின் சத்தமோ இல்லை. அவளுடைய சொந்தக் குரல். இதைக் கும்பிடு என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. ஆனால் எல்சி கைக்குழந்தையாக எதிர் வரப்பில் வீறிட்டு அழுத நாளிலும், நட்ட வயலில் இறங்காமல் வரப்பையெல்லாம் சுற்றிக்கொண்டுதான் அவள் ஓடினாள். பயிர் பெரிது, நம் கால் சின்னது. உள்ளே தோண்டிப் பார்த்தால் இதற்குக் கீழே வேறொன்றும் இல்லை.

எல்சியின் முழங்கால் மடங்கியது. ஒரு கை தண்ணீரில் ஊன்றியது.

மரியபுஷ்பம் காலை இறக்கினாள்.

நாற்று பாதத்துக்கடியில் வழுக்கிச் சேற்றில் அமுங்கியது. உடம்பு கூசியது. எட்டை அகலமாக வைத்தால் கரண்ட் கடிப்பது கூடுகிறது என்று கால் சொன்னது.

"காலைத் தூக்காத எல்சி. தேச்சு தேச்சு வா. என் முதுவப் பாத்துக்கிட்டே வா."

மகளிடம் ஓடினால் இரண்டு பேரும் போய்விடுவோம் என்று தெரிந்தது. எல்சிக்கு முதுகைக் காட்டி, நட்டதையெல்லாம் மிதித்துக்கொண்டு நகர்ந்தாள். அதற்குப் பிறகுதான் ராமாயியும் மற்றவர்களும் கால் வைத்தார்கள். பின்னால் தண்ணீர் அலையும் சத்தம் வருகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டே போனாள். வந்தது. நின்றது. திரும்பவும் வந்தது. முள் எறும்பாகி, எறும்பும் மெல்ல மறைந்தது.

முன் வரப்பில் எல்சியை இழுத்துப் போட்டபோது துரைராசுவின் வண்டி வந்து நின்றது. அவர் கண்ணுக்கு முதலில் பட்டது மிதிபட்ட நாற்றுதான்.

"ஏ புஷ்பம், கண்ணு அவிஞ்சா போச்சு?" செருப்பை உதறிவிட்டு வயலில் இறங்கப் போனார்.

"எறங்காதீங்க ஐயா. கரண்ட் வந்துடுச்சு."

தூக்கிய கால் அப்படியே நின்றது. ஹாஜா மைதீன் கொல்லைப் பக்கம் காது கொடுத்தார். காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்தார். பிறகு போனை எடுத்தார். லைன்மேன் நம்பரைத் தேடினார்.

எல்சிக்குப் பல் கிட்டியிருந்தது. பேச்சு வர நேரமாயிற்று.

"முன்னால வாங்கன்னு கத்தின. அப்பறம் நீ ஏம்மா நின்ன?"

பயம் என்று சொல்லியிருக்கலாம், பொய்யில்லை. ஆனால் எந்தப் பயம் என்று கேட்டால் சொல்ல வாய் வராது. மரியபுஷ்பம் வயலைப் பார்த்தாள். அமுங்கிக் கிடந்த நாற்றை நிமிர்த்திவிட அந்த நேரத்திலும் விரல் துறுதுறுத்தது. அதைக் கண்டுதான் அவள் பயந்தாள்.

மகளின் சில்லிட்ட கணுக்காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விட்டால் கை எங்கே போகும் என்று தெரியும்.