பழைய பெயருக்கு ஒரு வரி

மாதக் கடைசியோடு ஒரு கட்டளையின் பழைய பெயர் செல்லாது என்று பிரவுசர்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். வேலை அதேதான், பெயர்தான் வேறு. எங்கள் மருத்துவமனை மென்பொருளில் அதைப் பழைய பெயரால் கூப்பிடும் இடங்கள் இரண்டாயிரத்துச் சொச்சம். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் இருக்கும் இந்தச் சின்ன அலுவலகத்தில் அத்தனையையும் மாற்ற நானும் தனாங் அண்ணாவும் மட்டுமே.

இதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பழைய பெயரை எடுத்த எடுப்பில் அழிக்க மாட்டோம். அதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் புதியதே வந்து நிற்கும்படி முதலில் ஒரு வரி எழுதிவைப்போம். எல்லா இடமும் மாறியபின் அந்த வரியை எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் புதிதாக வருகிறவன் மறுபடி பழைய பெயரிலேயே எழுதித் தொலைப்பான்.

எல்லாம் மாறிவிட்டது. அந்த வரி மட்டும் நின்றது. அதை எடுக்க வேண்டியவர் அண்ணா. மூன்று நாளாக நாளை, நாளை என்றார். எனக்கோ பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது.

"ஒத்த வரிண்ணா. மலையையா தூக்கச் சொன்னேன்?"

"இருந்துட்டுப் போகட்டுமே லாரஸ். யாருக்கு என்ன இடைஞ்சல்?"

நான் கத்த வாயெடுத்தபோது அவர் மகள் பாலர் பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தாள். ஐந்து வயது. இவள் பிறந்த அன்றே தாய் இறந்துபோனாள். இவள் வயிற்றில் இருந்தபோதே தாய் தேடி வைத்த பெயர் லிந்தாங். இந்த வருடம் குழந்தைக்குக் காய்ச்சல் மேல் காய்ச்சல். பெயரின் கனம் பிள்ளைக்குத் தாங்கவில்லை என்று அண்ணாவின் மாமனார் சிவப்பும் வெள்ளையுமாகக் கஞ்சி காய்ச்சி அக்கம்பக்கத்துக்குக் கொடுத்து, ரஹாயு என்று மாற்றிவிட்டார். ஜாவாக்காரர் வீடுகளில் நடப்பதுதான். அண்ணா கஞ்சியைக் குடித்தார். புதுப் பெயர்தான் அவர் வாயில் வரவில்லை.

"லிந்தாங், வாடா செல்லம்."

அவள் திரும்பவில்லை. சலாக் பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள்.

"லிந்தாங்!" அவர் குரல் உடைந்தது.

மூன்று நாளாக எதை அழிக்கச் சொல்லி இந்த மனிதரைப் பிடுங்கியிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வாயைத் தைக்க வேண்டும்.

குழந்தையிடம் குனிந்தேன். "ஏன்டி, அப்பா கூப்பிடுறாருல்ல?"

"அது நான் இல்ல அத்தை. அந்தப் பேர அம்மாகிட்டயே குடுத்துட்டேன்."

"எப்போ?"

"கஞ்சி குடுத்த அன்னிக்கு. தாத்தாகூடக் கல்லறைக்குப் போனோம்ல, அப்போ. அவங்க வெச்ச பேருதான? அவங்களே வெச்சுக்கட்டும். அங்க தனியாத்தான இருக்காங்க."

அண்ணா எழுந்து வந்து அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"ரஹாயு," என்றார்.

"என்னப்பா?" என்று பாதிப் பழத்தை அவர் வாயில் திணித்தாள். அழுதுகொண்டே மென்றார்.

அந்த வரியைப் பற்றி நான் மறுபடி கேட்கவில்லை. சாயங்காலம் கிளம்புவதற்குமுன் அவரே எடுத்துவிட்டார்.